த்ராஷும் டார்க் ஆம்பியன்ட்டும்: ரீஇஷ்யூ ரிவ்யூ வேற, புது ஆல்பம் ரிவ்யூ வேற

கேள்வி இதுதான்: த்ராஷ் மெட்டல் (வேகமான, முரட்டு கிட்டார் மெட்டல்), டார்க் ஆம்பியன்ட் (பீட் இல்லாம மெதுவா நகர்ற இருட்டான இசை) ரெண்டையும் கேக்கற ஒருத்தர் ரிவ்யூ எழுத ஆரம்பிக்கறார், கையில புது ஆல்பமும் இருக்கு, பழைய ஆல்பத்தோட ரீமாஸ்டரும் இருக்கு, எல்லாத்துக்கும் ஒரே அளவுகோல் போதுமா, அப்புறம் பழைய சிடி வெச்சிருக்கறவங்க புது பதிப்பு வாங்கணுமா வேண்டாமான்னு எப்படி சொல்றது. கொஞ்சம் நீளமாத்தான் பதில் வரும், பொறுத்துக்கோங்க.

ரீஇஷ்யூ, அதாவது பழைய ஆல்பத்தோட மறுவெளியீடு, அதோட ரிவ்யூல நிறைய பேரு முதல் பத்தியிலயே வழுக்கறாங்க. எப்படின்னா, ரீஇஷ்யூ வந்தா அந்தப் பழைய ஆல்பத்தைப் பத்தியே திரும்ப எழுதிடறாங்க. ஸ்லேயரோட 'ரெய்ன் இன் ப்ளட்' 1986ல வந்துச்சு, அது பெரிய ஆல்பமா இல்லையாங்கற பஞ்சாயத்து எப்பவோ முடிஞ்சு போச்சு, அதுல நீங்க இன்னொரு தடவை பத்துக்குப் பத்து போட்டு யாருக்கு என்ன லாபம்? படிக்கறவருக்குத் தெரிய வேண்டியது, இப்ப கடைக்கு வந்திருக்கற இந்தப் பொருள் என்ன, எந்த டேப்ல இருந்து எடுத்தாங்க, எதைத் தொட்டாங்க, எதைத் தொடாம விட்டாங்க, எதைச் சேத்தாங்க, சேத்ததால என்ன கெட்டுச்சு. ஆல்பத்தோட பேருக்கு மார்க் போடாதீங்க, பதிப்புக்குப் போடுங்க. என்னைக் கேட்டா ரீஇஷ்யூ ரிவ்யூங்கறது இவ்வளவுதான், மத்ததெல்லாம் இதோட விளக்கம்.

அட்டையில ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல என்ன எழுதியிருந்தாலும் உள்ள இருக்கறது நாலு வகையில ஒண்ணாத்தான் இருக்கும். பழைய மாஸ்டரை (அச்சுக்குப் போற கடைசி ஒலிப்பதிவை) அப்படியே திரும்ப அச்சடிச்சது ஒண்ணு. ரீமாஸ்டர் ஒண்ணு. ரீமிக்ஸ் ஒண்ணு. பேண்டே திரும்ப ஸ்டூடியோவுக்குப் போய் மொத்தத்தையும் புதுசா வாசிச்சது ஒண்ணு. இந்த நாலும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத வேலைகள், ஆனா ரிவ்யூல எல்லாத்துக்கும் "ரீமாஸ்டர்"னே எழுதிட்டுப் போறாங்க. ரீமாஸ்டர்னா மிக்ஸ் முடிஞ்ச ரெண்டு சேனல் டேப்பை எடுத்து அதோட மொத்த ஒலி அளவு, ட்ரெபிள், பேஸ் இதையெல்லாம் சரி பண்றது, தனியா ஸ்நேர் ட்ரம்மை மட்டும் தூக்கவோ வோக்கலை மட்டும் இறக்கவோ அதுல வழி ரொம்பக் குறைவு. ரீமிக்ஸ்னா தனித்தனி ட்ராக் இருக்கற மல்ட்டிட்ராக் டேப்புக்கே போய் எல்லாத்தையும் திரும்பக் கலக்கறது. இந்த வித்தியாசம் தெரியாம "இந்த ரீமாஸ்டர்ல பேஸ் கிட்டார் ஏன் இன்னும் கேக்கல"ன்னு கோவப்படறதுல அர்த்தம் இல்ல.

அந்தக் கோவம் எந்த ஆல்பத்தைப் பத்தி வரும்னு மெட்டல் கேக்கறவங்களுக்குத் தெரியும். மெட்டாலிக்காவோட '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்', 1988. பேஸ் வாசிச்சுட்டு இருந்த க்ளிஃப் பர்ட்டன் 1986 செப்டம்பர்ல ஸ்வீடன்ல பஸ் விபத்துல இறந்த பிறகு ஜேசன் நியூஸ்டட் வாசிச்ச முதல் முழு ஆல்பம், அதுல அவர் வாசிச்ச பேஸ் கிட்டத்தட்ட காதுக்கே எட்டாது. 2018ல பெரிய பாக்ஸ் செட்டோட ரீமாஸ்டர் வந்தப்ப எல்லாரும் எதிர்பாத்தது பேஸைத் தூக்குவாங்கன்னு, அவங்க தூக்கல, மிக்ஸை அப்படியே விட்டுட்டாங்க. ரசிகர்கள் தாங்களாவே பேஸ் சேத்து செஞ்ச பதிப்புகள் ரொம்ப நாளா சுத்திட்டு இருக்கு, அதுல சிலது நல்லாவும் இருக்கு. இருந்தாலும் விட்டதுதான் சரின்னு நான் சொல்வேன். அந்த வறட்சி, அந்த உலர்ந்த டக்டக்குனு அடிக்கற ட்ரம்ஸ், நடுவுல சதையே இல்லாத கிட்டார், அதுதான் அந்த ஆல்பத்தோட முகமாவே ஆயிடுச்சு. நீங்க இதை ஒத்துக்க வேண்டாம், ஆனா ரிவ்யூல "மிக்ஸ் மாறல, மாஸ்டரிங் மட்டும்தான் மாறியிருக்கு"ன்னு ஒரு வரி கண்டிப்பா வரணும், அது இல்லாம பேஸ் பத்தி எழுதறது வீண்.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கம் மெகாடெத். 2004ல அந்த பேண்டோட தலைவர் டேவ் மஸ்டைன், கேப்பிடல் லேபிள்ல வந்த பழைய ஆல்பங்களையெல்லாம் ரீமிக்ஸ் பண்ணியே வெளியிட்டார், 'ரஸ்ட் இன் பீஸ்'ல சில இடங்கள்ல பழைய வோக்கல் ட்ராக் கிடைக்காம திரும்பப் பாடியும் சேத்திருக்கார். 1990ல வந்த ஆல்பத்துல பதினாலு வருஷம் கழிச்ச குரல், யோசிச்சுப் பாருங்க. கிட்டார் பிரிஞ்சு தெளிவா கேக்குது, அதை மறுக்க முடியாது, ஆனா அந்த 1990 ரெக்கார்டுக்கு இருந்த காத்தோட்டம் போயிடுச்சு, எல்லாமே முன்னாடி வந்து நிக்குது. பிரச்சனை என்னன்னா ஸ்ட்ரீமிங்ல கேட்டு வளந்த நிறைய பேருக்கு 2004 மிக்ஸ்தான் ஒரிஜினல்னு மனசுல பதிஞ்சிருக்கு. அதனால ரிவ்யூ எழுதறவர் எந்த வருஷத்துப் பதிப்பைக் கேட்டேன்னு சொல்லாம விட்டா படிக்கறவரும் அவரும் வேற வேற ஆல்பத்தைப் பத்திப் பேசிட்டு இருப்பாங்க. அதே பேண்டோட முதல் ஆல்பம் 'கில்லிங் இஸ் மை பிசினஸ்', 1985, அது 2002ல ஒரு தடவை ரீமிக்ஸ், 2018ல இன்னொரு தடவை ரீமிக்ஸ். இங்க மட்டும் நான் ரீமிக்ஸ் பக்கம்தான், ஏன்னா ஒரிஜினலே காசு பத்தாம அரைகுறையா முடிச்ச ரெக்கார்டிங், காப்பாத்தறதுக்கு அங்க பெரிய அழகு எதுவும் இல்ல. ஆக, ரீமிக்ஸ் நல்லதா கெட்டதாங்கறதுக்குப் பொதுவா ஒரு பதில் கிடையாது, ஒரிஜினல்ல இருந்த குறை தெரியாம நடந்ததா இல்ல அதுதான் ஆல்பத்தோட குணமான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டுத்தான் ஆகணும்.

புதுசா வாசிச்ச வகை, அதைச் சீக்கிரம் முடிச்சிடறேன். டெஸ்டமென்ட் 2001ல செஞ்சாங்க, சோடம், டிஸ்ட்ரக்ஷன் ரெண்டும் 2007ல, எக்ஸோடஸ் 2008ல 'பாண்டட் பை ப்ளட்'டை மொத்தமா திரும்ப ரெக்கார்ட் பண்ணாங்க, கவலெரா சகோதரர்கள் 2023, 2024ல செபுல்ட்டுராவோட ஆரம்பகால ரெக்கார்டுகளைத் திரும்ப வாசிச்சாங்க. எல்லாத்துலயும் வாசிப்பு பழசை விட சுத்தம். அந்த சுத்தம்தான் கோளாறும். இருபது வயசுப் பசங்க தங்களால முடியாத வேகத்துல ஓடி விழுந்து எழுந்து வாசிச்சதுல ஒரு பயம் இருக்கும், அடுத்த தாளச் சுத்துல ட்ரம்மர் விட்டுருவானோன்னு, அது போயிடுது. இதுல கவலெராங்க மட்டும் பரவால்லன்னு எனக்குத் தோணுது, அவங்க அழுக்கை அழுக்காவே வெச்சுக்கப் பாத்திருக்காங்க.

சரி, ரீமாஸ்டருக்கு வருவோம், பெரும்பாலான ரீஇஷ்யூ இதுதானே. இங்க முதல் எதிரி சத்தம். 2008ல வந்த மெட்டாலிக்காவோட 'டெத் மேக்னடிக்' புது ஆல்பம்தான், ரீஇஷ்யூ இல்ல, ஆனா பாடம் அங்கதான் இருக்கு. அதை அவ்வளவு லிமிட் பண்ணி (உச்ச சத்தத்தை வெட்டி, மொத்தத்தையும் தூக்கி) ஏத்தியிருந்தாங்க, ஸ்நேர் அடிக்கறப்பல்லாம் கிழியற சத்தம் கேக்கும். அதே பாட்டுங்க 'கிட்டார் ஹீரோ' கேம்ல வேற மிக்ஸா, அவ்வளவு நசுக்காம வந்துச்சு, ஆளுங்க ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா அலைவடிவமே வேற மாதிரி, ஒண்ணு மலைத்தொடர், இன்னொண்ணு செங்கல். திரும்ப மாஸ்டர் பண்ணுங்கன்னு மனுவெல்லாம் போட்டாங்க. மாஸ்டரிங் பண்ண டெட் ஜென்சனே, எனக்கு வந்தப்பவே இது நசுங்கித்தான் வந்துச்சுங்கற அர்த்தத்துல சொன்னார். எங்க கெட்டுச்சுன்னு தேடறப்ப மாஸ்டரிங் ஆளை மட்டும் திட்டிடக் கூடாதுங்கறதுக்கு இது நல்ல உதாரணம்.

த்ராஷுக்கு இது ஏன் இவ்வளவு வலிக்குதுன்னா, த்ராஷ் ரிஃப்போட (திரும்பத் திரும்ப வர கிட்டார் துண்டோட) உயிர் நோட்டுல இல்ல, நோட்டு ஆரம்பிக்கற அந்த நொடியில இருக்கு. உள்ளங்கையை ஸ்ட்ரிங் மேல வெச்சு அமுக்கி அடிக்கற அந்த பாம் ம்யூட், கிக் ட்ரம், ஸ்நேர், எல்லாமே சட்டுனு எழும்பி சட்டுனு அடங்கணும், நடுவுல ஒரு சின்ன ஓட்டை விழணும், அந்த ஓட்டைதான் வேகத்தைக் காட்டுது. லிமிட்டர் எழும்பறதை வெட்டும், மொத்தத்தையும் தூக்கறப்ப ஓட்டையும் நிரம்பிடும். பழைய சிடியை விட புதுசு "பவரா" இருக்குன்னு முதல் நிமிஷத்துல தோணும், நாலாவது பாட்டுல காது அசந்து போயிடும், ஏன்னு தெரியாம நிறுத்திடுவீங்க.

அதனால ரெண்டு பதிப்பை ஒப்பிடறதுக்கு முன்னாடி ரெண்டோட சத்தத்தையும் சமம் பண்ணிடுங்க, இது கட்டாயம். ரெண்டுல எது கொஞ்சம் சத்தமா இருக்கோ அதுதான் நல்லா இருக்கற மாதிரி காது சொல்லும், யாரோட காதா இருந்தாலும் சரி. இலவசமா கிடைக்கற எந்த ஆடியோ எடிட்டர்லயும் ரெண்டு ஃபைலையும் போட்டு, சத்தமா இருக்கறதை இறக்கி, ஒரே இடத்துல மாத்தி மாத்திக் கேளுங்க. டிஜிட்டல் பதிப்புகள்னா இன்னொரு வித்தையும் இருக்கு, ரெண்டையும் துல்லியமா நேர்ப்படுத்தி ஒண்ணைத் தலைகீழாக்கி சேத்துப் போட்டீங்கன்னா, ரெண்டும் ஒண்ணா இருந்தா மொத்தமும் அமைதி ஆயிடும். "புத்தம் புது ரீமாஸ்டர்"னு விக்கறது பழைய மாஸ்டரோட சத்தத்தை மட்டும் கூட்டினதுன்னா, சமம் பண்ணிட்டுச் செய்யறப்ப கிட்டத்தட்ட எதுவுமே மிஞ்சாது, அப்பத் தெரிஞ்சிடும் விஷயம். டைனமிக் ரேஞ்ச் மீட்டர்னு ஒண்ணு இருக்கு, சத்தம் எவ்வளவு ஏறி இறங்குதுன்னு அளந்து டிஆர் 5, டிஆர் 12னு நம்பர் குடுக்கும், நம்பர் குறைஞ்சா நசுங்கியிருக்குன்னு அர்த்தம், 'டெத் மேக்னடிக்' அதுல டிஆர் 3. உபயோகமான கருவிதான், ஆனா அதையே வேதவாக்கா எடுத்துக்காதீங்க. அதே நசுங்கின மாஸ்டரை எல்பில வெட்டி, அதைத் திரும்ப கம்ப்யூட்டர்ல ஏத்தி அளந்தா நம்பர் ஏறிக் காட்டும், வினைல் ஒலியை உருமாத்தறதால வர கண்கட்டு அது, உண்மையில ஒண்ணும் மீளல. "வினைல் பதிப்புல டிஆர் அதிகம்"னு எழுதறவங்க பாதி பேருக்கு இது தெரியறதில்ல.

டேப்போட கதையும் கேக்கணும். எழுபது எண்பதுகள்ல வந்த சில டேப்புகள், குறிப்பா ஆம்பெக்ஸ் வகைகள், ஈரத்தை உறிஞ்சி பிசுபிசுன்னு ஆயிடும், ஓட்டினா ஹெட்ல ஒட்டிக்கிட்டு உரியும், அதைக் குறைஞ்ச சூட்டுல பல மணி நேரம் வாட்டி எடுத்து, கொஞ்ச நாளைக்குள்ள காப்பி பண்ணிக்கணும். டேப்பே காணாமப் போயிருந்தா நல்ல எல்பி ஒண்ணுல இருந்தோ பழைய சிடியில இருந்தோதான் எடுப்பாங்க. புக்லெட்ல எந்த டேப்னு ஒரு வார்த்தை இருந்தா அந்த லேபிளுக்கு ஒரு மார்க் கூடவே குடுங்க. பெர்லின்ல கார்ல்-உல்ரிச் வால்ட்டர்பாக் தொடங்கின நாய்ஸ் ரெக்கார்ட்ஸ், க்ரியேட்டர், செல்ட்டிக் ஃப்ராஸ்ட், வாய்வாட், கரோனர் எல்லாம் இருந்த இடம், அந்த லேபிள் கைமாறி கைமாறி கடைசியா பிஎம்ஜி கிட்ட போய், 2017 வாக்குல அந்தப் பழைய ஆல்பங்கள்ல நிறைய ரீமாஸ்டரா திரும்ப வந்துச்சு. வருஷக்கணக்கா ஒழுங்கான பதிப்பே கிடைக்காத ஆல்பங்கள் அதுல இருந்துச்சு, அப்படிப்பட்ட ரீஇஷ்யூவுக்கு சும்மா கிடைக்க வெச்சதுக்கே மரியாதை உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை கலர் மாத்தி வர ரீஇஷ்யூவுக்கு அந்த மரியாதை கிடையாது.

போனஸ் ட்ராக் விஷயம். 'ரெய்ன் இன் ப்ளட்' மொத்தமே 29 நிமிஷம்தான், பத்து பாட்டு, கேசட்ல ஒரு பக்கத்துக்குள்ளயே மொத்த ஆல்பமும் அடங்கிட்டதால ரெண்டு பக்கமும் அதையே போட்டாங்க. கடைசிப் பாட்டு முடிஞ்சு மழை சத்தம் மட்டும் கேட்டு அதோட ஓயும். பின்னாடி வந்த பெரிசுபடுத்தின பதிப்புல அந்த மழைக்கு அப்புறம் 'அக்ரஸிவ் பர்ஃபெக்டர்' வந்து குதிக்குது. நல்ல பாட்டுதான், யாரு இல்லன்னா, ஆனா அங்க அது வரவே கூடாது. ரெண்டாவது டிஸ்க்ல போட்டிருந்தா யாரும் குறை சொல்ல மாட்டாங்க. ரிவ்யூல போனஸ் எத்தனைன்னு எண்ணறதை விட அது எங்க இருக்குன்னு எழுதுங்க.

அந்த மழையைப் புடிச்சுக்கிட்டே டார்க் ஆம்பியன்ட்டுக்கு வரலாம், ஏன்னா இந்த ரெண்டும் நினைக்கற அளவுக்குத் தூரம் இல்ல. செல்ட்டிக் ஃப்ராஸ்ட் 1985லயே 'டு மெகா தெரியன்'ல ரிஃப்பே இல்லாத ஒரு இருட்டான சத்தத் துண்டு வெச்சாங்க. நேபாம் டெத்ல ப்ளாஸ்ட் பீட் (மெஷின் கன் மாதிரி அதிவேக ட்ரம்ஸ்) அடிச்சுட்டு இருந்த மிக் ஹாரிஸ் 1991ல வெளிய வந்து லல்ங்கற பேர்ல ட்ரம்ஸே இல்லாத, நகருதா நிக்குதான்னே தெரியாத இசை பண்ணார். வேகத்தோட எல்லைக்குப் போனவர் நேரா மறு எல்லைக்குத்தான் போனார். அதனால ஒரே ஆள் ரெண்டையும் ரிவ்யூ பண்றதுல விசித்திரம் ஒண்ணும் இல்ல. ஆனா கேக்கற முறையை மாத்தணும்.

டார்க் ஆம்பியன்ட்டோட வேர்னு பாத்தா ப்ரையன் ஈனோவோட 1982 'ஆன் லேண்ட்'ல அந்த இருட்டு ஏற்கனவே இருக்கு, அப்புறம் இண்டஸ்ட்ரியல் (மெஷின் மாதிரி இரைச்சலை வெச்சு செய்யற இசை) ஆளுங்க பக்கத்துல இருந்து லஸ்ட்மார்டோட 'ஹெரஸி', 1990. குகை, கல்லறை நிலவறை, சுரங்கம் மாதிரி இடங்கள்ல பதிஞ்ச ஒலிகளை வெச்சு செஞ்சது, ஆறு பகுதி. ஸ்வீடன்ல ரோஜர் கர்மானிக் 1987ல தொடங்கின கோல்ட் மீட் இண்டஸ்ட்ரி லேபிள்தான் இந்த வகைக்கு ஒரு வீடு குடுத்துச்சு, ரெய்ஸான் டெத்ர் மாதிரி ஆளுங்க அங்கதான். 'ஹெரஸி' இன்னைக்கும் ஏன் நிக்குதுன்னா, அதுல வர இடம் நிஜமான இடம். கல் சுவர்ல பட்டுத் திரும்பற எதிரொலியோட நீளம், ரிவெர்ப் ப்ளகின்ல பத்து செகண்டுன்னு வெச்சா வராது, வந்தாலும் காது எங்கயோ கண்டுபுடிச்சிடும்.

இதைக் கேக்கறதுக்கு சாதனம் முக்கியம்னு சொன்னா பணக்காரத் திமிர்னு நினைக்காதீங்க, வெறும் கணக்குதான். சாதாரண ட்யூனிங்ல கிட்டாரோட கீழ் ஈ ஸ்ட்ரிங் 82 ஹெர்ட்ஸ், பேஸ் கிட்டாரோடது 41. த்ராஷோட பெரும்பாலான விஷயம் அதுக்கு மேலதான் நடக்குது, லேப்டாப் ஸ்பீக்கர்ல கூட ரிஃப் புரிஞ்சிடும். லஸ்ட்மார்ட் மாதிரி ஆளுங்க 40க்குக் கீழதான் வீடே கட்டறாங்க. போன் ஸ்பீக்கர்ல போட்டா அஸ்திவாரமே வராது, மேல மிதக்கற கொஞ்சம் இரைச்சல் மட்டும் கேக்கும், அதை வெச்சு "ஒண்ணுமே நடக்கல"ன்னு ரிவ்யூ எழுதினவங்க உண்டு. மூடின வகை ஹெட்ஃபோன் ஒண்ணு போதும், பெரிசா வேண்டாம். சத்தத்தைக் குறைச்சா காதுக்கு முதல்ல போறது பேஸ்தான், ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு ஒலி ஆய்வாளர்கள் 1933லயே அளந்து சொன்ன விஷயம் இது, அதனால ரொம்ப மெல்லிசா வெச்சு கேட்டு "மெலிஞ்சிருக்கு"ன்னும் தீர்ப்பு சொல்லக் கூடாது. ஒரு தடவை ஒழுங்கான சத்தத்துல உக்காந்து கேளுங்க, இன்னொரு தடவை வேற வேலை பாத்துக்கிட்டே பின்னணியில ஓட விடுங்க. ரெண்டுலயும் நிக்கற ஆல்பம்தான் நல்ல ஆம்பியன்ட், ஈனோ அன்னைக்குக் கேட்டதும் இதைத்தான், கவனிச்சாலும் கவனிக்காட்டியும் தாங்கணும்னு.

டார்க் ஆம்பியன்ட் ரீஇஷ்யூவுல எதிரி வேற. சத்தத்தை ஏத்தறது இங்கயும் கெடுக்கும், ஆனா அதைவிட மோசம் சுத்தம் பண்றது. பழைய டேப்ல இருக்கற ஹிஸ்ஸை ('ஸ்ஸ்'ங்கற இரைச்சலை) எடுக்கறேன்னு நாய்ஸ் ரிடக்ஷன் போட்டா, எதிரொலி அடங்கற அந்த வாலும் சேந்து போயிடும், ஏன்னா ஒரு கட்டத்துக்கு மேல ஹிஸ் எது வால் எதுன்னு மெஷினுக்குப் பிரிக்கத் தெரியாது. கேட்டா இருட்டு திடீர்னு ஒரு இடத்துல கத்தரிச்ச மாதிரி நிக்கும். ரீஇஷ்யூ கையில வந்ததும் நான் முதல்ல கேக்கறது சத்தமான இடத்தை இல்ல, ஒவ்வொரு ட்ராக்கும் மங்கி முடியற கடைசி அரை நிமிஷத்தைத்தான். குறைஞ்ச பிட்ரேட் எம்பி3யும் இதே இடத்துலதான் மாட்டிக்கும், வால்ல ஒரு நீர்க்குமிழி மாதிரி சுழல் கேக்கும், த்ராஷ்ல அதே பிட்ரேட் ட்ரம் செட்டோட சிம்பல் தட்டு தவிர வேற எங்கயும் தெரியாமயே போயிடலாம்.

வினைல் பத்திக் கேட்டிருந்தீங்கன்னா, த்ராஷுக்கு எல்பி சரி, டார்க் ஆம்பியன்ட்டுக்கு பெரும்பாலும் அழகுக்குத்தான். ஒரு பக்கத்துக்கு இருபது இருபத்திரண்டு நிமிஷத்தைத் தாண்டினா சத்தத்தைக் குறைச்சுத்தான் வெட்டணும், ஆழமான பேஸ் பள்ளத்துக்கு அதிக இடம் கேக்கும், குறைச்ச சத்தத்துக்கு மேல தூசியோட டிக் டிக்கும் வந்து உக்காந்துக்கும். ஒரு மணி நேரம் ஓடற ஒரே ட்ராக்கை மூணு நாலு துண்டா வெட்டி நடுவுல எழுந்து பக்கம் மாத்த வெச்சா அப்புறம் என்ன மயக்கம். விதிவிலக்கு இருக்கு: நர்ஸ் வித் வூண்டோட 'சொலிலக்வி ஃபார் லிலித்', 1988, மூணு எல்பியா வந்தது, ஆறு பக்கம் ஆறு பகுதி, பக்கத்தோட நீளத்துலயே ஒவ்வொண்ணும் மூச்சு விடுது. அது எப்படி செஞ்சாங்கங்கறது தனிக் கதை, எஃபெக்ட் பெடல்களை ஒண்ணோட ஒண்ணு வளையமா இணைச்சு, வெளிய இருந்து எந்த வாத்தியமும் குடுக்காம, அதுங்க தானாவே பாட ஆரம்பிச்சதைப் பதிஞ்சது. தாமஸ் கோனரோட முதல் மூணு ஆல்பம், 1990ல இருந்து 1993 வரைக்கும் வந்தது, காங் மணி சத்தத்தை அடையாளமே தெரியாம கரைச்சு பனிப்பாறை ஆக்கினது, அதை 2010ல டைப் லேபிள் ஒண்ணா சேத்து திரும்பக் கொண்டு வந்தாங்க. மூணையும் வரிசையாக் கேட்டா ஒரு ஆள் எப்படி ஒவ்வொண்ணா கழிச்சுக்கிட்டே போறார்னு தெரியும், தனித்தனியா கேட்டப்ப தெரியாத விஷயம். சேத்து வெளியிடறதால ஒரு புது அர்த்தம் வருதான்னு பாக்கறதும் ரீஇஷ்யூ ரிவ்யூல ஒரு கேள்விதான்.

இப்ப புது ஆல்பங்கள். த்ராஷ்ல புது பேண்ட் வந்தாலே "எண்பதுகளுக்கே கூட்டிட்டுப் போயிட்டாங்க"ன்னு ஒரு வரி தயாரா இருக்கும், அதை எழுதாதீங்க, அது பாராட்டா திட்டான்னே தெரியாது. நான் பாக்கறது ஒரு ரிஃப்ல இருந்து அடுத்த ரிஃப்புக்கு எப்படிப் போறாங்கன்னு. வேகமா அடிக்கறது இன்னைக்கு எல்லாருக்கும் வருது, எங்க வேகத்தைப் பாதியா குறைக்கணும்னு தெரிஞ்சவங்கதான் கம்மி. பவர் ட்ரிப்போட 'நைட்மேர் லாஜிக்', 2017, அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, அதுல ஒரு ரிஃப் கூட தேவைக்கு மேல ஒரு சுத்து சுத்தாது. பாடகர் ரைலி கேல் 2020ல இறந்ததுக்கு அப்புறம் அந்த ஆல்பத்தைச் சுத்தி ஒரு சோகம் சேந்துடுச்சு, ஆனா சோகம் இல்லாமலேயே அது அவ்வளவு கச்சிதம். மறுபக்கம் வெக்டரோட 'டெர்மினல் ரீடக்ஸ்', 2016, எழுபது நிமிஷத்துக்கு மேல, ஒரே அறிவியல் கதை, அதுவும் நிக்குது, ஏன்னா அங்க நீளத்துக்கு ஒரு வேலை இருக்கு. மெட்டாலிக்காவோட '72 சீசன்ஸ்', 2023, அதுவும் 77 நிமிஷம், அதுல ரெண்டு நிமிஷம் முன்னாடியே முடிஞ்சிருக்க வேண்டிய பாட்டு நிறைய. அதனால நீளம் குறை இல்ல, நீளத்துக்கு வேலை இல்லாததுதான் குறை. ட்ரம்ஸையும் உத்துக் கேளுங்க, ஒவ்வொரு கிக்கும் அச்சு அசலா ஒரே சத்தமா, கம்ப்யூட்டர் கட்டத்துல நகத்தி வெச்ச மாதிரி இருந்தா, வாசிச்சவர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் பாட்டு நகராது.

புது டார்க் ஆம்பியன்ட்ல சிக்கல் வெள்ளம். ஒரு கீபோர்டு நோட்டு, அது மேல நீளமான ரிவெர்ப், இருட்டுக் காட்டுப் படம் ஒண்ணு அட்டைக்கு, ஆல்பம் ரெடி. மூணு கேள்வி வெச்சுக்கிட்டா பெரும்பாலானது வடிஞ்சிடும்: ஒலி எங்க இருந்தோ வருதா, இல்ல எங்கயும் இல்லாம மிதக்குதா, பத்து நிமிஷம் கழிச்சு இருக்கற இடம் ஆரம்பிச்ச இடம் தானா, அட்டையையும் தலைப்பையும் மறைச்சுட்டா ஏதாவது மிஞ்சுமா. பயோஸ்ஃபியரோட 1997 'சப்ஸ்ட்ராட்டா'வை வெச்சு இந்த மூணையும் கேட்டுப் பாருங்க, பதில் எப்படி இருக்கணும்னு தெரிஞ்சிடும். ஏட்ரியம் கார்சரிங்கற பேர்ல இசை பண்ற சைமன் ஹீத் நடத்தற க்ரையோ சேம்பர் லேபிள் 2014ல 'கதுலு'ன்னு ஆரம்பிச்சு, திகில் எழுத்தாளர் லவ்க்ராஃப்ட்டோட கற்பனைத் தெய்வங்கள் பேர்ல பல கலைஞர்கள் சேந்து ஒரே நீளமான இசையா வெளியிடறாங்க. கலைஞர்கள் கை மாறற இடங்கள் தையல் தெரியாம இருக்கறது பெரிய வேலைதான், ஆனா அதே தையல் இல்லாத்தனத்தால யார் எந்தப் பகுதின்னு அடையாளமே போயிடுது, எல்லாரும் லேபிளோட குரல்லயே பேசறாங்க. எனக்கு அது கொஞ்சம் அலுப்பு, சில பேருக்கு அதுதான் வசதி.

எழுதறப்ப ஒரு விஷயம். டார்க் ஆம்பியன்ட் ரிவ்யூன்னாலே பாழடைஞ்ச கோயில், பனி, கடைசி மனுஷன்னு படம் வரைய ஆரம்பிச்சிடறாங்க, படிச்சு முடிச்சா எந்த ஆல்பத்துக்கும் பொருந்தும். அதுக்குப் பதிலா எத்தனையாவது நிமிஷத்துல என்ன மாறுதுன்னு எழுதுங்க: ஆறாவது நிமிஷத்துல கீழ் ஒலி விலகி, இதுவரைக்கும் அது இருந்ததே அப்பத்தான் தெரியுதுன்னு ஒரு வரி எழுதினா போதும், படிக்கறவர் அந்த இடத்துக்குப் போய்க் கேப்பார். த்ராஷ்லயும் "வெறித்தனம்", "கழுத்து உடையும்" எல்லாத்தையும் எடுத்துட்டு எந்த ரிஃப், எங்க திரும்புதுன்னு சொல்லுங்க.

மார்க் போட்டே ஆகணும்னா ரீஇஷ்யூவுக்கு ரெண்டு மார்க் போடுங்க, இசைக்கு ஒண்ணு, பதிப்புக்கு ஒண்ணு, சராசரி எடுக்காதீங்க. அப்புறம் ரெண்டு வாசகருக்கும் தனித்தனியா ஒரு வாக்கியம்: முதல் தடவை வாங்கறவருக்கு இந்தப் பதிப்பு போதுமா, ஏற்கனவே வெச்சிருக்கறவருக்கு இதுல புதுசா என்ன. எண்பதுகள் சிடி உங்க கிட்ட இருந்து, அதைச் சத்தம் சமம் பண்ணி ஒப்பிட்டப்ப ரீமாஸ்டர்ல ஸ்நேர் மழுங்கியிருந்தா வாங்காதீங்க, புக்லெட் எவ்வளவு தடிமனா இருந்தாலும் சரி. உங்க கிட்ட இருக்கறது எந்த அச்சுன்னு தெரியணும்னா சிடியோட பளபளக்கற பக்கத்துல நடு ஓட்டையைச் சுத்தி பொடி எழுத்துல ஒரு எண் இருக்கும், எல்பின்னா லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவுல கீறியிருக்கும், அதை வெச்சுத் தேடலாம். அட்டையில போட்டிருக்கற வருஷத்தை மட்டும் நம்பாதீங்க, ஒரே அட்டையில வேற வேற மாஸ்டர் வந்திருக்கு.

லேபிள் ரிவ்யூக்குன்னு அனுப்பறது பல சமயம் எம்பி3யோ ஸ்ட்ரீமோதான், கடைக்கு வர சிடியும் எல்பியும் அது இல்ல. எதைக் கேட்டு எழுதினீங்களோ அதை ரிவ்யூலயே ஒரு வரி சொல்லிடுங்க. எல்பியைக் கையில வாங்காம "வினைல் அழுத்தம் அருமை"ன்னு எழுதற பழக்கம் பரவலா இருக்கு.